ஒரு தொந்தரவும் தராத பிரஷருக்கு எதற்கு மாத்திரை?

உங்கள் அப்பாவுக்கு 56 வயது. குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஊரில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் 170/104 என்று சீட்டில் எழுதி, மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். "தலைவலி இல்ல, கிறக்கம் இல்ல. இதத் தொடங்கினா சாகிற வரைக்கும் திங்கணும்" என்கிறார். மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே குறைக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. ஆனால் அதற்குள் உங்கள் அப்பாவின் கேள்விதான் இருக்கிறது: உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது இதை எப்படி நோய் என்கிறீர்கள்? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காதவரை அவர் மாத்திரையும் போடமாட்டார், உப்பையும் குறைக்கமாட்டார்.

நான் மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் இடையில் 27 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இதே பேச்சை வாரத்துக்கு நாலைந்து தடவையாவது கேட்கிறேன். அவரை நேரில் பார்க்காமல், சிறுநீரும் இரத்தமும் சோதிக்காமல், இன்ன மாத்திரை இத்தனை மில்லிகிராம் என்று இங்கே எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் அவருடைய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. இரத்தக் கொதிப்பு என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். கொதிப்பு என்றால் சூடு, படபடப்பு, கோபம் எல்லாம் மனதில் வரும். "எனக்குப் பிரஷர் ஏத்தாத" என்று சண்டையில் சொல்வதும் அதே நினைப்பில்தான். அதனால் அமைதியாக, நன்றாக உறங்கி, நன்றாக வேலை செய்கிறவருக்கு இது இருக்காது என்று நம்பிவிடுகிறோம். சரி, தலைவலி? நார்வே நாட்டில் 22,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிரஷர் கூடுதலாக இருந்தவர்களுக்குத் தலைவலி அதிகம் வரவில்லை, சொல்லப்போனால் சற்றுக் குறைவாகவே வந்திருந்தது. மிக அதிகமாக, திடீரென்று ஏறினால் தலைவலி வரலாம். மற்றபடி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல ஏறிய பிரஷரை உடம்பு உணர்வதில்லை. ஆகவே அப்பா சொல்வது பொய்யில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் இல்லை என்று முடிவு செய்வதில்தான் தவறு.

அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண், அடுத்த துடிப்புக்கு முன் ஓய்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். 170 என்றால் பாதரசத்தை 170 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிற அழுத்தம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. எனவே அதே அழுத்தம் தண்ணீரை ஏழரை அடி உயரத்துக்கு ஏற்றிவிடும். 120 என்றால் ஐந்தேகால் அடியைக் கொஞ்சம் தாண்டும். இந்த இரண்டேகால் அடி வித்தியாசம் ஒவ்வொரு துடிப்பிலும் உங்கள் அப்பாவின் மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற, மயிரைவிட மெல்லிய குழாய்கள்வரை போய் மோதுகிறது.

பால்வெட்டுக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது என்பது என் அனுபவம். ஏன் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார்? வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், சிரட்டையில் விழுகிற பாலும் குறையும். குழலுக்குள் அழுத்தம் என்பது அவர் தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். கத்தி ஆழமாகப் போய்ப் பட்டைக்குக் கீழே தடியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மரம் வாடாது, சிரட்டையும் நிறையும். சில வருடம் கழித்து அதே இடத்தில் புதுப்பட்டையில் வெட்டவரும்போதுதான் முண்டும் முடிச்சுமாக இருப்பது தெரியும். பிரஷர் இரத்தக் குழாய்க்குச் செய்வதும் அப்படித்தான். உட்சுவரில் சிறு காயங்கள், அவை ஆறிய இடத்தில் தடிப்பு, தடித்த இடத்தில் கொழுப்பு, பிறகு குழாயே விறைத்துப்போவது. கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடிக்கிறது. கை தடித்தால் பலம், இதயம் தடித்தால் பலவீனம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகின்றன. பாதிக்கு மேல் கெடும்வரை சிறுநீரகமும் வாய்திறக்காது.

இதெல்லாம் மருத்துவர்கள் கற்பனையாகச் சொல்வதா என்று அப்பா கேட்கலாம். ஒரு காலத்தில் மருத்துவர்களே உங்கள் அப்பாவைப் போலத்தான் நினைத்தார்கள். வயது ஏறினால் பிரஷரும் ஏறத்தான் செய்யும், அது உடம்புக்குத் தேவை என்றுகூட நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. அன்று கொடுக்க நல்ல மருந்தும் கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்பக்கம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு. மேல் எண் 300ஐத் தாண்டியிருந்தது. வயது 63. ஒரு நாட்டின் தலைவருக்கே அன்று அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

1967இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு முடிவு வந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் பாதிப்பேருக்கு மருந்தும் மீதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலத்தில், மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குப் பெரிய பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்கு. அவர்கள் பிரஷர் உங்கள் அப்பாவுடையதைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் 1979இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் கிட்டத்தட்ட 11,000 பேர் இருந்தார்கள். கீழ் எண் 90 முதல் 104 வரை இருந்தவர்களிடமும், ஒழுங்காகச் சிகிச்சை பெற்ற குழுவில் இறப்பு குறைந்திருந்தது. அப்பாவின் 104 இந்த வரிசையில்தான் வரும். அதற்குப் பிறகு லட்சக்கணக்கானவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தது இது: மேல் எண்ணை 10 குறைத்தால் பக்கவாத ஆபத்து நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு மேல் எண் 20 ஏறும் ஒவ்வொரு தடவையும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு.

எண்களைவிட ஒரு மனிதர்தான் என் மனதில் நிற்கிறார். தச்சுவேலை செய்தவர், அப்போது 49 வயது. பிரஷர் 180க்குப் பக்கத்தில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாலு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார், 130க்கு வந்தது. "இப்ப நார்மல் தானே சாரே" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. எட்டு மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. பிரஷர் நார்மல் என்று நான் சொன்னதை, நோய் போய்விட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். மருந்து பிடித்து வைத்திருப்பதால்தான் எண் இறங்கியிருக்கிறது, விட்டால் திரும்ப ஏறும் என்று அன்று நான் ஒரு நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இப்போது யாருக்கும் நான் விடுவதில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இனி உங்கள் அப்பாவின் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். முகாமில் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து ஒருவருக்குப் பிரஷர் நோய் என்று முடிவு கட்டுவது சரியில்லை. பால்வெட்டு முடிந்து நேரே வந்திருப்பார். வழியில் ஒரு கட்டன்சாயா, ஒரு பீடி. வரிசையில் நின்று, உட்கார்ந்த உடனே, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருப்பார்கள், பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டும் இருந்திருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். ஆனாலும் 170/104ஐ இதை மட்டும் காரணம் சொல்லி ஒதுக்க எனக்குத் துணிவில்லை. சரியாக எடுத்துப் பாருங்கள். மேல்கையில் கட்டுகிற டிஜிட்டல் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சிறிய பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். சாயா, பீடி முடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் சும்மா உட்காரவையுங்கள். கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில். பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இப்படி ஏழு நாள் காலையும் மாலையும் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உயர் இரத்த அழுத்தம்தான். மருத்துவமனையில் எடுத்தால் 140/90 எல்லை. வீட்டிலேயே 160, 170 என்று வந்தால் ஏழு நாள் முடியக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

எல்லை எங்கே என்பதில் மருத்துவ உலகத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் 2017 முதல் 130/80ஐயே நோயின் தொடக்கம் என்கிறார்கள். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 140/90 என்கிறார்கள். 132 இருக்கிற ஒருவருக்கு இது பெரிய விவாதம். 170க்கு எந்த விவாதமும் இல்லை.

இப்போது நீங்கள் நேராகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டால் குறையுமா? குறையும், நன்றாகவே குறையும். ஆனால் 170ஐ அது மட்டுமே 130க்குக் கொண்டுவருவது அபூர்வம். காய்கறி, பழம், பயறு நிறைய, கொழுப்புக் குறைவு என்று திட்டமிட்ட உணவைக் கொடுத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் 11 அளவுக்கு இறங்கியது. அது ஒரு மாத்திரை செய்கிற வேலை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு எண் குறையும். மது அருந்துகிறவர் என்றால் அதை நிறுத்துவதே பெரிய மருந்து.

நம் ஊர்ச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழங்கஞ்சிக்குப் போடும் கல்லுப்பு, தொட்டுக்கொள்ளக் கருவாடு, உப்பிலிட்ட மாங்காய், மரச்சீனிக் கிழங்கு அவிக்கும்போது ஒரு கை உப்பு, அதற்குக் காந்தாரிச் சம்மந்தி, மாலையில் கடையில் வாங்கிய ஏத்தங்காய் சிப்ஸ். காலைக் கஞ்சியிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும். மரச்சீனியும் மீன்கறியும் விட வேண்டியதில்லை. சாளை மீனை அப்பா தாராளமாகச் சாப்பிடலாம். கருவாட்டையும் உப்பிலிட்டதையும் தினப்படி என்பதிலிருந்து எப்போதாவது என்று மாற்றுங்கள். வேர்வை சிந்துகிறவருக்கு உப்பு வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். சாதாரணமாக நாம் சாப்பிடும் உப்பே அதற்குத் தாராளம். மட்டிப்பழம், ஏத்தன்பழம், முருங்கைக்கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் பிரஷர் குறைய உதவும். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு இப்போது கடையில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்ட்டன் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிட்டாலோ அந்த உப்பால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனை பார்க்காமல் வாங்க வேண்டாம்.

காந்தாரி மிளகாயை அரைத்துக் குடித்தால் பிரஷர் இறங்கும் என்பது நம் பக்கத்தில் பலமான நம்பிக்கை. அதை நம்பி மாத்திரையை விடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. பூண்டுக்குச் சில சிறிய ஆய்வுகளில் லேசான பலன் தெரிந்திருக்கிறது, மாத்திரையின் இடத்தில் வைக்க அது போதாது. ஆனால் பச்சிலை என்றாலே பொய் என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன 1967 ஆய்வில் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். அது நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் அந்த வேரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வேலை செய்கிற மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வைத் தந்ததால் இன்று அதிகம் பயன்படுத்துவதில்லை. வேராக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் அளவும் சோதனையும் வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. இருமலுக்கு நாம் சாதாரணமாக வாயில் போடும் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். முதுகுவலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டுகிறவர்களிடம் இதை நான் எப்போதும் கேட்பேன். பாதிப்பேர் ஆமாம் என்பார்கள்.

சாகும்வரை சாப்பிட வேண்டுமா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் மாத்திரை பழகிப்போவதால் அல்ல. பிரஷர் போகாமல் இருப்பதால். எடையும் உப்பும் மதுவும் குறைந்து, மாத்திரையின் அளவைக் குறைத்தவர்களும், சிலர் நிறுத்தியவர்களும் என்னிடம் உண்டு. அதை மருத்துவர் பார்த்துப் படிப்படியாகச் செய்ய வேண்டும். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறும். கிட்னி போய்விடும் என்ற பயத்துக்கு நேரான பதில், கிட்னியைக் கெடுப்பது பிரஷர்தான். ஆனால் டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகை தொடங்கினால் சில வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கடுமையான வாந்தி பேதி வந்தால் அதைத் தொடர்வதா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரலாம். வந்தால் மாத்திரையை விட்டுவிடாமல், மாற்றிக் கேளுங்கள். அந்த ஒரு வாரத்தில் அப்பாவுக்கு இப்படி ஏதாவது வந்துதான் நிறுத்தினாரா என்றும் மெல்லக் கேட்டுப்பாருங்கள். ஆண்கள் சொல்லமாட்டார்கள்.

எப்போது போடுவது என்பதிலும் அவருக்குச் சிரமம் இருந்திருக்கும். நாலு மணிக்கு வெறும் வயிற்றில் கிளம்புகிறவர். காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் பலன் ஒன்றுதான் என்று பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் காட்டியது. பால் எடுத்துவிட்டு வந்து கஞ்சி குடிக்கும்போது போடட்டும். கஞ்சிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை இருக்கட்டும். பணம் ஒரு தடையாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்க முடியாதது. பிரஷர் எவ்வளவாக இருந்தாலும் சரி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், நெஞ்சுவலி, மூச்சுமுட்டல் வந்தால் உடனே 108. மூளைக் குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையோரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். அப்போது வீட்டில் இருக்கும் பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். பிரஷர் சட்டென்று சரிந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையும்.

மருத்துவரிடம் போகும்போது ஏழு நாள் எண்களை எழுதிய தாள், அப்பா வாங்கிச் சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகள், பாட்டாவுக்கோ பாட்டிக்கோ பக்கவாதமோ மாரடைப்போ எந்த வயதில் வந்தது என்ற விவரம், இவ்வளவும் கொண்டுபோங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி, முடிந்தால் கண்ணின் விழித்திரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொந்தரவே இல்லை என்று சொல்கிறவரிடம், ஈசிஜியில் இதயச் சுவர் தடித்திருப்பதோ சிறுநீரில் புரதம் போவதோ தெரிந்தால் அதைக் காட்டிப் பேசலாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னும் நல்லது, பட்டையில் காயம் விழுவதற்கு முன்பே வந்துவிட்டார் என்று சொல்லுங்கள். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. முப்பதைத் தாண்டியவர் என்றால், அந்த ஏழு நாளில் ஒரு நாள் அப்பாவின் கையிலிருந்து பட்டையைக் கழற்றியதும் அம்மாவுக்கும் உங்களுக்கும் எடுத்துப் பாருங்கள்.